காற்றில் இருக்கும் தண்ணீரும் ஆய்வுக்கூடத்துக் கருவிகளும்



செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரியை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பொறுப்புள்ள ஓட்டுநர் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் குனிந்து, வண்டிக்கு அடியில் உள்ள ஒரு வளையத்தைப் பிடித்து இழுப்பார். 'புஸ்' என்று காற்று சீறும்; காற்றோடு தண்ணீரும் தெறிக்கும். பிரேக் பிடிப்பதற்காகக் காற்றை அடைத்து வைத்திருக்கும் தொட்டி அது. அந்தத் தொட்டிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மழையும் உள்ளே பெய்யவில்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், ஆய்வுக்கூடங்களில் வைத்திருக்கும் 'காற்று உலர்த்தி' என்ற இயந்திரம் எதற்காக, அது ஏன் அடிக்கடி மக்கர் செய்கிறது, அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பாதிக்கு மேல் விளங்கிவிடும். இன்று நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

'மட்டை வெட்டுகிற நமக்கும் ஆய்வுக்கூடத்து இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்தில் சில மரங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து பதினேழாவது மட்டையின் ஓலைகளை அறுத்து எடுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் முழுதாக விரிந்த இளம் மட்டை முதலாவது. அதற்கு நேர் கீழே, ஒரே சுருள் வரிசையில், ஒன்பதாவது மட்டையும் பதினேழாவது மட்டையும் இருக்கும். அந்தப் பதினேழாவது மட்டையின் நடுப்பகுதி ஓலைகளை நரம்பு நீக்கிக் காயவைத்து, அரைத்து, சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, அதில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். அடுத்த ஆண்டு எந்த நிரைக்கு எவ்வளவு உரம் போடுவது என்பது பெரும்பாலும் அந்தக் கணக்கை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. அந்த அளவு எடுக்கும் கருவிகளில் ஒன்று காற்றை நம்பி வேலை செய்கிறது. காற்று கெட்டால் கணக்கு கெடும். இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்பயிற்சி முடித்து ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. ஐஸ் போட்ட தண்ணீரை ஒரு கிளாசில் ஊற்றி மேசையில் வைத்தால், சற்று நேரத்தில் கிளாசின் வெளிப்புறம் வியர்த்துவிடும். கிளாஸ் ஒழுகவில்லை. காற்றில் இருந்த ஆவிதான் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. சூடான காற்று அதிக ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று, அதாவது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி நிறையக் காற்று, ஏறக்குறைய 30 கிராம் ஆவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். 3 டிகிரிக்கு வந்தால் வெறும் 6 கிராம்.

இப்போது கம்பிரசரை நினைத்துப் பாருங்கள். அது எட்டுப் பெட்டிக் காற்றை இழுத்து ஒரு பெட்டிக்குள் திணிக்கிறது. மீட்டரில் 7 பார், பழைய கணக்கில் சுமார் 100 பி.எஸ்.ஐ., என்று முள் காட்டும்போது உள்ளே நடந்திருப்பது இதுதான். நம் நாட்டுச் சாதாரண நாளில் ஒரு பெட்டிக் காற்றில் 24 கிராம் ஆவி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பெட்டியில் 192 கிராம். திணித்த காற்று 30 டிகிரிக்கு ஆறியதும் அந்த ஒரு பெட்டி தாங்கக்கூடியது 30 கிராம் மட்டுமே. மீதி 160 கிராமுக்கு மேல் தண்ணீராக விழுந்தே தீரும். ஈரத் துணியைப் பிழிந்தால் நீர் வடிவதைப் போலத்தான். கம்பிரசர் காற்றைப் பிழிகிறது.

நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று இழுக்கும் சிறிய கம்பிரசர் எட்டு மணி நேரம் ஓடினால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைப் பிழிந்து தருகிறது. ஒரு நாளில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர்! வெளியேற வழி இல்லாவிட்டால் அது எங்கே போகும்? தொட்டியின் அடியில் தேங்கும், குழாயில் ஓடும், கடைசியில் விலையுயர்ந்த கருவியின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். ஆகவே, கம்பிரசரில் தண்ணீர் வருவது பழுது அன்று. வராமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. கம்பிரசர் இரைச்சல் போடும் என்பதால் அதை வெளியே ஒரு தகரக் கொட்டகையில் வைத்துவிடுகிறார்கள். அங்கே 32, 35 டிகிரி வெயில் சூடு. ஆய்வுக்கூடத்துக்குள்ளோ குளிர்சாதனம், 20 டிகிரி, 22 டிகிரி. கொட்டகையில் ஆறி, தண்ணீரை வடித்துவிட்டு வந்த காற்றுகூடக் குளிர் அறைக்குள் நுழைந்ததும் குழாயின் உள்ளேயே மறுபடி வியர்க்கிறது. கருவி இருக்கும் அறையிலேயே, கருவிக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் பிறக்கிறது. தொட்டியில் வடிகால் இருக்கிறதே, அது போதாதா என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். காற்று உலர்த்தி தேவைப்படுவது இதற்காகவே. குளிர் அறை எவ்வளவு குளிரோ, அதைவிடக் கீழே காற்றின் பனிநிலையைக் கொண்டுபோய்விட்டால் அப்புறம் குழாயில் நீர் பிறக்க வழியில்லை. ஆவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையைத்தான் பனிநிலை என்கிறோம்.

கருவியில் தண்ணீர் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். செம்பனை ஓலையில் பொட்டாசியத்தை அளக்கும் கருவிகளில் ஒன்று பிளேம் போட்டோமீட்டர். தமிழில் சுடர் ஒளிமானி என்கிறார்கள். ஓலைச் சாம்பலைக் கரைத்த கரைசலை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்ச, அழுத்தக் காற்று அதைப் புகைபோலத் தூவி எரியும் சுடருக்குள் அனுப்புகிறது. பொட்டாசியம் இருந்தால் சுடரில் ஊதா நிறம் எழும். சோடியம் இருந்தால் மஞ்சள். அந்த ஒளி எவ்வளவு என்று அளந்து எண்ணாகக் காட்டுகிறது கருவி. கல்லுப்பை அடுப்பு நெருப்பில் போட்டால் மஞ்சளாகச் சுடர் விடுவதை நம் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். அதே தத்துவம்தான்.

இங்கே விவரமுள்ள மாணவன் ஒருவன் மடக்கிக் கேட்பான்: 'கரைசலே தண்ணீர்தானே! அதையே சுடருக்குள் தூவும்போது காற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்தால் என்ன?' நல்ல கேள்வி. காற்றில் ஆவியாகக் கலந்திருக்கும் சிறு ஈரம் இந்தக் கருவியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. துளியாகத் திரண்டு வருவதுதான் வம்பு. ஒரு துளி வந்து மோதும்போது காற்றின் வேகம் தடுமாறும், தூவல் குறையும், சுடர் துடிக்கும், எண் எகிறும், பிறகு விழும். தண்ணீரோடு தொட்டியின் துருவும் கம்பிரசரின் எண்ணெயும் வந்தால் ஊசித் துவாரமே அடைத்துக்கொள்ளும்.

ஓலையில் பொட்டாசியம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டித்தான் இருக்கும். சிறிய எண், அதில் சிறிய பிசகும் பெரிய விஷயம். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டினால் தேவையில்லாத உரம் போடப்படும். பணம் போவதோடு, பொட்டாசியம் மிதமிஞ்சினால் மரம் மக்னீசியத்தை எடுத்துக்கொள்வதும் தடைப்படும். கூடுதலாகக் காட்டினாலோ மரத்துக்கு உரம் குறையும். அதன் பலன் உடனே கண்ணுக்குத் தெரியாது. செம்பனையில் பூ உருவாகத் தொடங்கி அது வெட்டும் குலையாக வருவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. குலை எடை குறைந்து, டன் கணக்கில் கூலி வாங்குபவரின் சம்பளச் சீட்டில் அது தெரியும்போது, என்றோ ஒரு மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் சுடர் துடித்ததை யார் நினைத்துப் பார்க்கப்போகிறார்கள்?

வேறு சில கருவிகளுக்கு ஆவியே ஆகாது. எண்ணெயின் தன்மையை அகச்சிவப்புக் கதிரால் ஆராயும் கருவிகள் சிலவற்றில் கண்ணாடிக்குப் பதிலாகப் பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பால் செய்த சன்னல் இருக்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசிவதைப் போல அந்த உப்புச் சன்னலும் ஈரத்தில் மங்கிவிடும். அத்தகைய கருவிக்குள் இடைவிடாமல் மிக உலர்ந்த காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். எந்தக் கருவிக்கு எவ்வளவு உலர்ந்த காற்று வேண்டும் என்பது அதனுடன் வரும் புத்தகத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் உலர்த்தி வாங்குவது, காலை அளக்காமல் சப்பாத்து வாங்குவது போலத்தான்.

காற்று வரும் வழியை இப்போது ஒரு முறை நடந்து பார்ப்போம். முதலில் கம்பிரசர். அடுத்து தொட்டி, அதில் காற்று ஆறுகிறது, பெரும்பகுதித் தண்ணீர் அங்கேயே விழுகிறது. அடுத்து எண்ணெயையும் நுண்துளிகளையும் பிடிக்கும் வடிகட்டி. அடுத்து உலர்த்தி. அதற்கும் அடுத்து, தூசியைப் பிடிக்க இன்னொரு வடிகட்டி. கடைசியாகக் கருவியின் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தோடு அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர். இந்த வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததைக் காக்கிறது. முன்னால் உள்ளது தன் வேலையைச் செய்யாவிட்டால் அடுத்தது திணறும். எனவே பழுது தேடும்போதும் கம்பிரசரிலிருந்து கருவியை நோக்கி வரவேண்டும். நடைமுறையில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவி கோளாறு செய்கிறதா, கருவியைத் திறக்கிறார்கள். கருவியில் குற்றம் இல்லையென்றால் 'உலர்த்தி போய்விட்டது, புதிது வாங்குங்கள்' என்கிறார்கள்.

எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருக்கிறான். அங்கே காலையில் ஒழுங்காக இருக்கும் சுடர் ஒளிமானி மத்தியானம் ஆனதும் தடுமாறத் தொடங்கும். பார்க்க வந்தவர்கள் உலர்த்தியை மாற்றச் சொல்லிவிட்டார்கள். விலை பல ஆயிரம் ரிங்கிட். நோன்புப் பெருநாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, "சார், உலர்த்தி குளிராகத்தான் இருக்கு. ஆனா தண்ணி வருது. எப்படி சார்?" என்று கேட்டான். "குளிரில் விழுந்த தண்ணீர் வெளியே போகிறதா என்று பார்த்தாயா?" என்றோம். அவன் பார்த்திருக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது உலர்த்தியின் அடியில் உள்ள தானியங்கி வடிகாலில் துரு அடைத்திருந்தது. அடைப்பு முழு அடைப்பு அன்று. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து காலைக்குள் காலியாகிவிடும். வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில் மறுபடி நிரம்பி, பிரித்தெடுத்த தண்ணீரையே காற்று மீண்டும் அள்ளிக்கொண்டு போகும். பல் துலக்கும் பழைய பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவினான். அத்தோடு சரியாயிற்று. துரு எங்கிருந்து வந்தது என்று மேலும் பார்த்ததில், கம்பிரசர் தொட்டியின் வடிகாலை யாரும் திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. புதிய உலர்த்தி வாங்கியிருந்தாலும் அதே துரு வந்து அதையும் அடைத்திருக்கும்.

இந்த வடிகாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் உலர்த்திக் கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பல இங்கேதான் முடிகின்றன. தானியங்கி வடிகாலில் இரண்டு வகையை அதிகம் காணலாம். ஒன்றில் மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி ஒரு சிறு துவாரத்தைத் திறக்கும். காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளிவிடும். துருவோ எண்ணெய்ப் பசையோ பிடித்தால் மிதவை ஒட்டிக்கொள்ளும். மூடிய நிலையில் ஒட்டினால் தண்ணீர் தேங்கும். திறந்த நிலையில் ஒட்டினால் காற்று ஓயாமல் சீறி வீணாகும். இன்னொரு வகை, மின்சாரத்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சில விநாடிகள் திறந்து மூடுவது. அதில் சோதிப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் தண்ணீர் பாய்ந்து வந்து, பிறகு காற்று வர வேண்டும். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வருகிறது, தானாக வருவதில்லை என்றால் நேரம் பார்க்கும் பகுதியில் கோளாறு. அழுத்தியும் ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சிறு வலை அடைத்திருக்கிறது, அல்லது வால்வின் சுருள் எரிந்துவிட்டது. இந்தப் பொத்தானைத் தினம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. இதைச் செய்யாத ஆய்வுக்கூடங்கள் எத்தனையோ.

உலர்த்திகளில் அதிகம் காணப்படுவது குளிர்ப்பெட்டி வகை. வீட்டு ஐஸ் பெட்டியின் அண்ணன் என்று சொல்லலாம். வரும் காற்றை 3 டிகிரிக்குக் குளிரவைத்துத் தண்ணீரை விழச் செய்து, பிறகு வரும் சூடான காற்றின் உதவியாலேயே அதை மறுபடி இதமாக்கி அனுப்புகிறது. சாதாரணக் கருவிகளுக்கு இது போதும். இதன் முதல் எதிரி தூசி. பின்பக்கத்தில் உள்ள அலுமினியத் தகடுகளில் தூசி படிந்தால் சூடு வெளியேறாது, குளிர் குறையும். மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெல்லிய பிரஷால் தட்டிவிட்டாலே போதும். இரண்டாவது எதிரி வெக்கை. கதவு அடைத்த கொட்டகைக்குள் கம்பிரசரும் உலர்த்தியும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தால், வரும் காற்றே 45 டிகிரி இருக்கும். 35 டிகிரிக் காற்றைவிட அதில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆவி இருக்கும். 35 டிகிரிக்கென்று செய்த உலர்த்தி அந்தச் சுமையைத் தாங்காது. கொட்டகைக்குச் சன்னல் வைப்பது உலர்த்தி மாற்றுவதைவிட மலிவு.

மூன்றாவது கோளாறு விசித்திரமானது. அளவுக்கு மீறிக் குளிர்ந்து உள்ளே பனிக்கட்டி கட்டிவிடும். காற்று போகும் வழி அடைபட்டு, கருவியில் அழுத்தம் விழும். உலர்த்தியை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் கட்டி உருகிக் காற்று மறுபடி தாராளமாக வரும். ஓட்டினால் மறுபடி அடைக்கும். இந்தக் குறி தெரிந்தால் குளிர்சாதன மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும்; நாமே கை வைக்கக் கூடாது. இன்னொன்று, இதை நிறுத்திய உடனே மறுபடி போடக் கூடாது. ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். காலையில் கம்பிரசரைப் போடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே உலர்த்தியைப் போட்டு அதைக் குளிரவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் வருகிறதா? உலர்த்தியைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு குறுக்குக் குழாயும் வால்வும் இருக்கிறதா என்று பாருங்கள். உலர்த்தியைப் பழுது பார்க்கும்போது வேலை நிற்காமல் இருப்பதற்காக வைத்தது அது. பழுது பார்த்தவர் அதைத் திறந்தார், போகும்போது மூட மறந்தார் என்றால், ஈரக் காற்று உலர்த்தியை எட்டியும் பார்க்காமல் நேராகக் கருவிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மிக உலர்ந்த காற்று வேண்டும் இடங்களில் இன்னொரு வகை உலர்த்தி உண்டு. மருந்துப் புட்டியிலும் புதுச் சப்பாத்துப் பெட்டியிலும் சிறு பொட்டலமாகக் கிடக்குமே, சிலிக்கா ஜெல், அதைப் போன்ற ஈரம் உறிஞ்சும் மணிகளை இரண்டு தூண்களில் நிரப்பியிருப்பார்கள். ஒரு தூண் காற்றை உலர்த்தும்போது, உலர்ந்த காற்றில் ஒரு பங்கை, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து, எடுத்து மற்றத் தூணின் ஈரத்தை அடித்து வெளியேற்றுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். இதில் பனிநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும். இதற்கு வைத்தியம் பார்க்க இரண்டு மீட்டர்களைப் பார்த்தாலே போதும். வேலை செய்யும் தூணின் முள் முழு அழுத்தத்தைக் காட்ட வேண்டும். ஓய்வில் இருக்கும் தூணின் முள் பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஓய்வுத் தூணிலும் முள் ஏறி நின்றால், காற்று வெளியேறும் இடத்தில் உள்ள ஓசை அடக்கி அடைத்திருக்கிறது. ஈரம் வெளியே போக வழியில்லை. ஓசை அடக்கியைக் கழற்றிக் கழுவலாம், மாற்றலாம், விலை அதிகமில்லை. மணிகள் நொறுங்கினால் குழாயில் வெள்ளைப் பொடி வரும். மணிகள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் எண்ணெய் ஏறிவிட்டது. எத்தனை காயவைத்தாலும் அவை திரும்ப வேலை செய்யாது. முன்னால் உள்ள எண்ணெய் வடிகட்டியை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றாததற்கு அது தண்டனை.

சிறிய ஆய்வுக்கூடங்களில் வெறும் ஒரு கண்ணாடிக் குழலில் சிலிக்கா ஜெல்லை நிரப்பிக் கருவிக்கு முன்னால் மாட்டியிருப்பார்கள். நீலமாக இருப்பது ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும். காற்று நுழையும் பக்கத்திலிருந்து நிறம் மாறிக்கொண்டே வரும். மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் மாற்றிவிட வேண்டும். 120 டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஈரம் போய் மீண்டும் நீலமாகும். ஆனால் அந்த நீல நிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு என்ற பொருள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று இன்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. எனவே அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. கையுறை இல்லாமல் அள்ளக் கூடாது. சமையல் அடுப்பில் வறுக்கவே கூடாது. இப்போது ஆரஞ்சு நிறத்தில் வரும் மாற்று மணிகள் கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் அழகாக இருக்கிறதே என்று நீல மணிகளை வீட்டுக்கு எடுத்து வந்தால், தாய்மார்கள் அதைத் தம்பி தங்கைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மாலையில் நீலமாக விட்டுப் போன குழல் காலையில் சிவந்து கிடந்தால், இணைப்புகளில் எங்கோ கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்றில் எண்ணெய் வருகிறதா என்று பார்க்கவும் ஓர் எளிய வழி உண்டு. காற்றை மெதுவாகத் திறந்து வெள்ளை வடிதாளை ஒரு நிமிடம் எதிரே பிடியுங்கள். ஈரப் புள்ளி என்றால் தண்ணீர். பழுப்பு என்றால் துரு. காய்ந்த பிறகும் வெளிச்சத்தில் பளபளக்கும் கறை என்றால் எண்ணெய்.

இனி ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டும். தொட்டியில் தேங்கும் தண்ணீர் கருவியை மட்டும் கெடுப்பதில்லை. இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே சுவர் மெலிந்துகொண்டே போகும். 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது பிளந்தால் பக்கத்தில் நிற்பவர் தப்புவது அரிது. காற்றழுத்தத் தொட்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்றிதழ் தருவதும் நம் நாட்டில் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. அந்தச் சோதனை ஒரு புறம் இருக்க, தினசரி வடிகாலைத் திறந்து தண்ணீர் நிற்கும்வரை வடியவிடுவது அங்கே வேலை செய்பவரின் உயிருக்கே காப்பு. வடியும் நீர் எண்ணெய் கலந்து கஞ்சித் தண்ணீர்போல வெளுத்திருந்தால் அதை வாய்க்காலில் ஊற்றாமல் ஒரு கலனில் பிடித்து வையுங்கள்.

வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றுவதற்கு முன் காற்றை நிறுத்தி, உள்ளே இருப்பதை வெளியேற்றி, முள் பூச்சியத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பளிங்குபோல இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். தின்னரோ பெட்ரோலோ பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, அழுத்தம் ஏறும்போது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அழுத்தக் காற்றை விளையாட்டாக யார் உடம்பிலும் அடிக்கக் கூடாது. உடையில் உள்ள தூசியை அதால் ஊதுவதும் தவறு. தோலைத் துளைத்துக் காற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

தீபாவளிக்கோ பெருநாளுக்கோ ஒரு வாரம் பூட்டிக் கிடந்த ஆய்வுக்கூடத்தை மறுபடி திறக்கும் காலைதான் கருவிகள் அதிகம் கெடும் காலை. அன்று முதலில் தொட்டியின் வடிகாலைத் திறந்துவிடுங்கள். உலர்த்தியைப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு கம்பிரசரைப் போடுங்கள். கருவிக்குப் போகும் குழாயைக் கருவியில் மாட்டாமல் பத்து நிமிடம் வெளியே ஊதவிடுங்கள். ஒரு வாரமாகக் குழாயில் கிடந்த ஈரமும் துருவும் அதில் போய்விடும். வடிதாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் சுத்தமாக இருந்தால் குழாயை மாட்டி, சத்து எவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல் ஒன்றை முதலில் அளந்து பாருங்கள். எண் சரியாக வந்து அசையாமல் நின்ற பிறகு, தோட்டத்திலிருந்து வந்த ஓலைக் கரைசலை எடுத்து வைக்கலாம். அளந்து முடிக்கும்வரை பத்து ஓலைக்கு ஒரு முறை அந்தத் தெரிந்த கரைசலை மறுபடி அளந்து, வந்த எண்ணை நேரத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள்.